சணல் எப்படி இயங்குகிறது? ஒரு முருங்கைக்காய்க் கறியின் வழியே

நவம்பர் முடிவில் ரொறன்ரோவின் குடிமனைத் தெருக்களில் மரங்களுக்குச் சாக்குக் கட்டும் வேலை தொடங்கிவிடும். வீட்டு முகப்பில் நிற்கும் சீடர் வேலியும் பொக்ஸ்வூட் செடியும் போன வசந்தத்தில் நட்ட இளமரமும் பழுப்புத் துணிக்குள் போய்விடும். ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளில் பாசுமதி அரிசி அடைத்து அடுக்கியிருப்பதும் அதே வகைத் துணியில்தான். புதிதாகக் கொங்கிறீற்றுப் போட்ட பாலத் தளத்தின் மேல் நனைத்து விரிப்பதும் அதையேதான்.

மூன்று வேலைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. மரத்துக்குக் கட்டிய துணி காற்றை விடவேண்டும். அரிசிப் பை எடையைத் தாங்கவேண்டும், இழுபடக்கூடாது. கொங்கிறீற்றின் மேல் விரித்த துணி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். ஒரே நார் இந்த மூன்றையும் எப்படிச் செய்கிறது?

இதற்கு விடை காண ஆய்வுகூடம் தேவையில்லை. சணல் நாரில் நடப்பதில் பெரும்பகுதி, நாம் முருங்கைக்காய்க் கறி வைக்கும்போது சட்டிக்குள் நடக்கிறது. அந்தச் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் சட்டி

முருங்கைக்காயை விரல் நீளத்துக்கு வெட்டி, மேல் நாரைச் சற்று இழுத்துவிட்டுச் சட்டியில் போடுகிறோம். பச்சையாகக் கடித்தால் பல் இறங்காத காய், அவிந்தபின் உள்ளிருக்கும் சதையை வழுக்கிவிட்டுக் கொடுக்கிறது. தோல் மட்டும் நார்நாராக வாயில் நிற்கிறது. இன்னும் ஒரு மணிநேரம் அவித்தாலும் அந்த நார் கரையாது. ஒரே காய், ஒரே நெருப்பு, ஒரே தண்ணீர். ஒரு பகுதி இளகிவிட்டது, மற்றது இளகவில்லை.

காரணம் செடியின் கட்டுமானத்தில் இருக்கிறது. செடியின் கலச்சுவரில் நான்கு பொருள்கள் முக்கியமானவை. செலுலோசு என்பது நீண்ட இழை. வலுவைத் தருவது அது. பெக்ரின் என்பது ஒரு கலத்தை அடுத்த கலத்தோடு ஒட்டிவைக்கும் பசை. அரைச்செலுலோசு இழைகளுக்கு இடையில் நிரம்பி அவற்றைப் பிணைக்கிறது. இலிக்னின் என்பது முற்றிய பகுதிகளில் சேரும் இறுக்கி. மரத்தை மரமாக்குவது அதுதான்.

கொதிநீரில் பெக்ரின் உடைந்து கரையும். மற்ற மூன்றும் அவ்வளவு எளிதில் அசையாது. ஆகவே, பெக்ரின் நிறைந்த சதை இளகுகிறது. செலுலோசும் இலிக்னினும் சேர்ந்த தோல் நாராக மிஞ்சுகிறது. பழப்புளிக் கரைசலைக் காய் அவிந்த பிறகே விடவேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வதற்கும் இதுவே காரணம். புளிப்பில் பெக்ரின் இலேசில் உடையாது. புளியை முதலிலேயே விட்டால் காய் நெடுநேரம் விறைப்பாகவே கிடக்கும்.

இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொள்வோம்: பசை கரையும், நார் நிற்கும். சணல் தொழில் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

காய்க்குப் பதிலாகத் தண்டு

சணல் செடியில் இரண்டு இனங்கள் பயிராகின்றன. ஒன்று வெண்சணல், மற்றது தோசா சணல். இரண்டும் வெண்டி, பருத்தி, செம்பருத்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவை. நெருக்கமாக விதைப்பதால் கிளை விடாமல் நேராக வளர்ந்து, நூறு முதல் நூற்றிருபது நாட்களில் ஆளைவிட உயரமாக, இரண்டு மூன்று மீற்றர் தாண்டி நிற்கும். வெப்பமும் ஈரக்காற்றும் மழையும் ஒன்றாக வேண்டும். கங்கையும் பிரம்மபுத்திராவும் வண்டல் கொட்டும் வங்கச் சமவெளி அதற்கு வாய்த்த இடம். உலகச் சணலின் மிகப்பெரும் பகுதியை இன்றும் இந்தியாவும் வங்காளதேசமும்தான் விளைவிக்கின்றன. கனடாவின் குறுகிய கோடையில் அது பயிராகாது. இங்கு வரும் ஒவ்வொரு முழமும் கப்பலேறி வருவதே.

தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் மெல்லிய மரம், வெளியில் பட்டை. பட்டையின் உட்புறத்தில் உணவைக் கடத்தும் உரியத் திசு இருக்கிறது. சணல் நார் அங்கேதான், கட்டுக் கட்டாக, தண்டின் அடியிலிருந்து நுனிவரை ஓடுகிறது. முருங்கைக்காயில் நார் தோலில் இருப்பதும் சதை உள்ளே இருப்பதும் போல, இங்கே நார் வெளிப்புறத்தில், மரம் உள்ளே. இரண்டையும் பிடித்துவைத்திருப்பது பெக்ரின் பசை. நாரை எடுக்கவேண்டுமானால் அந்தப் பசையைக் கரைக்கவேண்டும்.

எப்போது வெட்டுவது என்பதிலும் சமையல்காரியின் கணக்கே செல்லும். பிஞ்சு முருங்கையில் நார் இல்லை. முற்றிய முருங்கையில் சதை இல்லை. சணலைப் பூத்துச் சிறுகாய் பிடிக்கும் பருவத்தில் வெட்டுகிறார்கள். அதற்கு முன்பு வெட்டினால் நார் மெலிந்து அளவும் குறையும். விதை முற்றும்வரை விட்டால் இலிக்னின் கூடி நார் முரடாகிவிடும்.

அடுப்பில்லாமல் அவித்தல்

இனி அவிக்கவேண்டும். வயல் வயலாக விளைந்த, ஆள் உயரத்துக்கு மேலான தண்டுகளை எந்தச் சட்டியில் அவிப்பது? வங்க உழவர்கள் கண்ட விடை: குளம்தான் சட்டி, மழைநீர்தான் தண்ணீர், நெருப்பின் வேலையைச் செய்வது பக்ரீரியா.

வெட்டிய தண்டுகளைச் சில நாட்கள் வயலில் கிடத்தி இலை உதிர விடுகிறார்கள். பிறகு கட்டுகளாகக் கட்டி, ஆழமில்லாத நீரில் அடிப்பக்கம் நனையும்படி முதலில் நிறுத்திவைப்பார்கள். அடித்தண்டு தடிப்பானது, அது இளகக் கூடுதல் காலம் வேண்டும். தடித்த முருங்கைத் துண்டைச் சட்டியில் முதலில் போட்டு மெல்லியதைப் பின்னால் போடுவதும் இதே கணக்கு. அதன்பின் கட்டுகளைக் கிடையாக அடுக்கி நீருக்குள் அமுக்கி, மேலே பாரம் வைத்து மூடுவார்கள்.

நீருக்குள் நடப்பது இதுதான். தண்டு நீரை உறிஞ்சி வீங்குகிறது, பட்டை வெடிக்கிறது. அந்த வெடிப்புகள் வழியே பக்ரீரியாக்கள் நுழைகின்றன. தொடக்கத்தில் ஒட்சிசனில் வாழ்பவை பெருகுகின்றன. நீரிலுள்ள ஒட்சிசன் தீர்ந்ததும் ஒட்சிசன் இல்லாமலே வாழும் குளொஸ்ரீடியம் போன்றவை பொறுப்பேற்கின்றன. இவை பெக்ரினை உடைக்கும் நொதியத்தைச் சுரந்து பசையைத் தின்கின்றன. செலுலோசும் இலிக்னினும் இவற்றுக்கு எளிதான இரையில்லை. அடுப்பில் ஒரு மணிநேரத்துக்குள் வெப்பம் செய்வதை, முப்பது பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெதுவெதுப்பான குளத்தில் பக்ரீரியாக்கள் இரண்டு மூன்று வாரத்தில் செய்து முடிக்கின்றன.

நல்ல கறிக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்பது இங்கேயும் உண்மை. மெல்ல ஓடும் தெளிந்த நீரில் ஊறிய சணல் பொன்னிறமாக வருகிறது. இரும்புச்சத்துள்ள நீரிலோ, பாரத்துக்கு வாழைத்தண்டையும் சேற்றையும் ஏற்றிய இடத்திலோ ஊறினால் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து நார் கறுத்துவிடுகிறது, விலையும் விழுகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் குளத்தில் நீரே இருப்பதில்லை. விளைந்த சணல் வயலில் நிற்க, ஊறப்போட இடம் தேடி உழவர் அலைவார். மேற்கு வங்கம் பாரக்பூரில் உள்ள மத்திய சணல் ஆய்வு நிறுவனம், பெக்ரினைத் தின்னும் பக்ரீரியாக்களைத் தேர்ந்தெடுத்து ‘கிரிஜாஃப் சோனா’ என்ற பெயரில் ஒரு கலவையை உருவாக்கியிருக்கிறது. அதைத் தூவினால் குறைந்த நீரிலேயே ஊறல் சில நாட்கள் முந்தி முடிகிறது, நிறமும் கெடுவதில்லை.

பதம்

சமையலில் நேரத்தைவிடப் பதமே பெரியது. சணலிலும் அப்படியே, இந்தத் தொழிலின் நுட்பம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பருத்தியில் ஒவ்வொரு நாரும் ஒரே கலம். அது சில சென்ரிமீற்றர் நீளம் வரும். சணலில் ஒரு கலத்தின் நீளம் பெரும்பாலும் சில மில்லிமீற்றர்தான். நாம் சணல் நார் என்று கையில் பிடிக்கும் நீண்ட இழை, ஆயிரக்கணக்கான குறுங்கலங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து ஒட்டி உண்டான கட்டு. கட்டுக்கும் கட்டுக்கும் இடையே உள்ள பசை கரையவேண்டும். கட்டுக்கு உள்ளே கலத்தோடு கலத்தை ஒட்டியிருக்கும் பிணைப்பு கரையக்கூடாது.

முன்கூட்டியே எடுத்தால் பட்டையும் பிசினும் நாரோடு ஒட்டிக்கொண்டே வரும், அடிப்பக்கம் விறைத்துக் கிடக்கும். பிந்தினால் பக்ரீரியாக்கள் கட்டின் உட்பிணைப்பிலும் கைவைக்கும். நார் பொலிவிழந்து, இழுத்தால் அறும். குறைய அவிந்த முருங்கையில் சதை கழலாது. அளவுக்கு மிஞ்சி அவிந்தால் காய் சிதைந்து குழம்போடு கலந்துவிடும். உழவர் ஒவ்வொரு நாளும் ஒரு தண்டை எடுத்துப் பெருவிரலால் பட்டையை அழுத்தி, உள்மரத்திலிருந்து வழுக்கி வருகிறதா என்று பார்ப்பார். வழுக்கினால் அன்றே இறங்கவேண்டும். ஒரு பருவத்து உழைப்பின் விலையை அந்தப் பெருவிரல் தீர்மானிக்கிறது.

இறங்குவது என்றால் உண்மையாகவே நீருக்குள் இறங்குவது. இடுப்பளவு நீரில் நின்று, தண்டின் அடியை மரக்கட்டையால் தட்டி, உள்மரத்தை ஒடித்து, நாரைக் கையில் சுற்றி நீரில் உதறி உதறி இழுக்கிறார்கள். மரம் தனியே மிதக்கும். நார் கையோடு வரும். அழுகிய நீரின் நாற்றத்தில், நாள் முழுதும் கால்கள் ஊறியபடி ஆண்களும் பெண்களும் செய்யும் வேலை இது. பச்சைத் தண்டின் எடையில் இருபதில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் உலர்ந்த நாராகத் தேறும். மிஞ்சிய குச்சி வீட்டு அடுப்புக்கும் வேலிக்கும் போகிறது.

மிஞ்சிய நாரின் குணங்கள்

இப்போது கறியை உண்டு முடித்து, தட்டின் ஓரத்தில் ஒதுக்கிய நாரைப் பார்ப்போம். சணலில் நமக்கு வேண்டியது அதுதான். அந்த நாரில் ஏறத்தாழ 60 விழுக்காடு செலுலோசு, 20 முதல் 24 விழுக்காடு அரைச்செலுலோசு, 12 முதல் 14 விழுக்காடு இலிக்னின். பருத்தி ஏறத்தாழ முழுவதும் செலுலோசு. இலிக்னின் அதில் இல்லையென்றே சொல்லலாம். சணலின் நிறையும் குறையும் இந்த விகிதத்திலிருந்து பிறப்பவை.

முதலாவது, அது இழுபடாது. இலிக்னின் இறுக்கிவைத்த கட்டு என்பதால், அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஒன்றிரண்டு விழுக்காடுதான் நீளும். ஐம்பது கிலோ தானியம் அடைத்த சாக்கு தொங்கிப் பிதுங்காமல் நிற்பது இதனால்தான். அதே காரணத்தால் சணல் துணியை மடித்து மடித்துப் பயன்படுத்தினால் மடிப்பில் முறியும். உடுக்கும் துணியாக அது நிலைக்கவில்லை.

இரண்டாவது, அது நீரை விரும்பும். செலுலோசும் அரைச்செலுலோசும் நீர் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையவை. வணிகத்தில் சணலின் ஈர அளவு 13.75 விழுக்காடு என்று கணக்கிடுகிறார்கள். நன்கு காய்ந்த நூறு கிலோ நார், காற்றிலிருந்து கிட்டத்தட்டப் பதினான்கு கிலோ ஈரத்தை எடுத்துக்கொண்ட பின்னும் கைக்கு உலர்ந்ததாகவே தெரியும். பருத்திக்கு இந்த அளவு 8.5, பொலியெஸ்ரருக்கு 0.4, பிளாஸ்ரிக் சாக்குச் செய்யும் பொலிப்புரொப்பிலீனுக்கு ஏறக்குறையப் பூச்சியம்.

மூன்றாவது, அது சொரசொரப்பானது. சாக்கு மேல் சாக்கு அடுக்கினால் வழுக்காது. கொக்கியால் குத்தித் தூக்கினாலும் இழைகள் விலகிப் பின் கூடிவிடும்.

நான்காவது, வெயில் அதன் பகை. இலிக்னின் புறவூதாக் கதிரை உறிஞ்சி நிறம் மாறும். புதுச் சாக்கின் பொன்னிறம் சில மாத வெயிலில் மங்கிப் பழுப்பாவதும் வலுக் குறைவதும் அதனால்தான்.

ஐந்தாவது, அது மக்கும். ஈர மண்ணில் புதைத்தால் பூஞ்சைகளும் வேறு பக்ரீரியாக்களும் வந்து, குளத்துப் பக்ரீரியாக்கள் விட்டுவைத்த செலுலோசையும் தின்னத் தொடங்கும். எவ்வளவு காலம் தாங்கும் என்பதைப் பெரிதும் இலிக்னின் முடிவு செய்கிறது. நம் ஊர்த் தென்னந்தும்பில் இலிக்னின் 40 விழுக்காடு அளவுக்கு இருக்கிறது. ஆகவே அது நீரிலும் மண்ணிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். சணல் ஓரிரு ஆண்டில் மண்ணோடு சேர்ந்துவிடும்.

எண்ணெய் விட்டதும் ஆலை ஓடியது

சணலைக் கையால் நூற்று நெய்வது வங்கத்தில் பழைய வழக்கம். இயந்திரத்தில் போட்டபோதுதான் சிக்கல் வந்தது. இலிக்னின் தந்த விறைப்பால் நார் நூற்கும்போது முறிந்தது. ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் 1830களில் அதற்கு வழி கண்டார்கள். அது திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வந்து சேரும் துறைமுகம். திமிங்கில எண்ணெயையும் நீரையும் நாரில் தெளித்து ஊறவிட்டதும் நார் இளகி இயந்திரத்தில் ஓடியது. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரில் உருசியச் சணப்பும் ஆளியும் தடைப்பட, டண்டீ பெருமளவில் சணலுக்கு மாறியது.

போர் நடந்துகொண்டிருந்த 1855ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளிக் கரையில் ரிஷ்ராவில் முதல் சணல் நூற்பாலை எழுந்தது. அதை நிறுவிய ஜோர்ஜ் அக்லண்ட் இலங்கைக் கோப்பித் தோட்டத்தோடு தொடர்புடையவர். நார் விளையும் இடத்திலேயே ஆலை வந்தபின் டண்டீயால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1947 பிரிவினை இந்தத் தொழிலை நடுவே வெட்டியது: ஆலைகள் இந்தியப் பக்கம், சிறந்த வயல்களில் பெரும்பகுதி கிழக்கு வங்கப் பக்கம். கிழக்கில் நாராயண்கஞ்சில் 1951இல் தொடங்கிய ஆதம்ஜி ஆலை உலகின் மிகப்பெரிய சணல் ஆலைகளில் ஒன்றாக வளர்ந்து, 2002இல் மூடப்பட்டது. அந்த மண்ணிலிருந்து வந்த குடும்பங்கள் பல இன்று ரொறன்ரோவின் டான்போர்த் அவெனியூவில், விக்ரோறியா பார்க் சந்தியை ஒட்டிய வங்காளிக் கடைத்தெருவைச் சுற்றி வாழ்கின்றன.

திமிங்கில எண்ணெயின் இடத்தைப் பின்னர் கனிம எண்ணெய் பிடித்தது. அது இன்னும் நம் மூக்கில் தெரியும். பழைய சாக்குகளில் வீசும் மண்ணெண்ணெய் போன்ற வாடை, நாரை இளக்க விட்ட கனிம எண்ணெயின் வாடை. கோப்பி, கொக்கோ, பருப்பு வகைகளில் அது ஏறுவதால், உணவுப் பைகளுக்குத் தாவர எண்ணெய் விடும் முறை வந்தது. சர்வதேச சணல் அமைப்பின் 98/01 என்ற தரவிதி அதற்காக எழுந்தது.

ரொறன்ரோவில் அதன் வேலைகள்

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம்.

குளிர்காலத்தில் பசுமை மாறா மரம் சாவதற்குக் குளிர் மட்டும் காரணமில்லை. தாகமும் ஒரு காரணம். நிலம் உறைந்து வேர் நீர் எடுக்க முடியாதபோது, காற்றும் சனவரி வெயிலும் இலையிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தெருவில் கொட்டும் உப்பு வாகனச் சக்கரங்களால் தெறித்து இலையைக் கருக்கும். சாக்குத்துணி காற்றின் வேகத்தைக் குறைக்கிறது, வெயிலை மறைக்கிறது, உப்பைத் தடுக்கிறது. அதே நேரம் இழைகளுக்கு இடையே ஈரமும் வெப்பமும் வெளியேற வழி விடுகிறது. பிளாஸ்ரிக் தாளால் மூடினால் பகலில் உள்ளே சூடேறும், இரவில் சடுதியாக உறையும்; மரம் தாங்காது. சணல் நீரை உறிஞ்சும் என்பதையும் மறக்கக்கூடாது. நனைந்த துணி இலையோடு ஒட்டி உறைந்தால் தீங்கு. ஆகவே நாலு கட்டை நட்டு, துணியை அவற்றில் சுற்றவேண்டும், மரத்தில் அல்ல.

நாற்றுப் பண்ணையில் வேர்மண்ணோடு சாக்கில் சுற்றி விற்கும் மரங்களில் அந்த மக்கும் குணம் வேலை செய்கிறது. குழியில் வைத்தபின் மேல்மடிப்பை அவிழ்த்து மண்ணுக்குக் கீழே தள்ளிவிட்டால் வேர் துணியை ஊடுருவிப் போகும், துணி மண்ணாகும். மேலே நீட்டிக்கொண்டு நின்றால், அதே துணி வேரடி ஈரத்தைத் திரியாக இழுத்து வெளியே உலர்த்திவிடும்.

பாலத் தளத்தில் நடப்பது வேறு. கொங்கிறீற்று காய்ந்து இறுகுவதில்லை. சீமெந்து நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. மேற்பரப்பு முன்கூட்டியே உலர்ந்தால் வெடிப்பு விழும். ஒன்ராறியோவில் பாலத் தளங்களுக்கு நனைந்த சாக்கு போர்த்தி நாட்கணக்கில் ஈரம் காக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் புதுத் தூணுக்கு ஈரச் சாக்குச் சுற்றும் மேசன்மார் செய்வதும் இதையேதான்.

நகரின் ஊடே ஓடும் பள்ளத்தாக்குகளிலும் சணலுக்கு இடமுண்டு. 1954 ஒக்ரோபரில் வந்த ஹேசல் சூறாவளி ஒன்ராறியோவில் 81 உயிர்களைக் கொண்டுபோனது. ஹம்பர் ஆற்றங்கரை வீடுகள் அடியோடு அள்ளுண்டன. ஆற்றங்கரைகளைக் காக்கும் பொறுப்போடு 1957இல் ரொறன்ரோ வட்டாரப் பாதுகாப்பு அதிகாரசபை உருவானது. வெறும் மண் சரிவில் விதை தூவினால் முதல் மழையிலேயே கழுவிப் போய்விடும். மக்கும் நாரால் ஆன வலையை விரித்தால், அது மழைத்துளியின் அடியைத் தாங்கி, நீரைக் குடித்து, விதையைப் பிடித்துவைக்கும். புல் வேரூன்றிச் சரிவைத் தானே பிடிக்கும் காலத்தில் வலை மக்கி மறையும். பிளாஸ்ரிக் வலை மறையாது. பாம்பும் பறவையும் சிக்கும்.

அரிசிப் பையில் சணல் செய்யும் வேலை மூச்சுவிடுவது. தானியத்தில் எப்போதும் சிறிது ஈரம் உண்டு, அது மெல்ல வெளியேறும். காற்றுப் புகாத பையில் அந்த ஈரம் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்க இடம் கொடுக்கும். சணல் அதை எடுத்து வெளியே விடுகிறது. ஆனால் ஈரம் மறுபக்கமாகவும் போகும். நிலக்கீழ் அறையின் கொங்கிறீற்றுத் தரையில் சாக்கை நேராக வைத்தால் அது தரையின் ஈரத்தைக் குடித்து அரிசிக்குக் கொடுக்கும். வீட்டுக்கு வந்ததும் அரிசியை மூடியுள்ள பாத்திரத்துக்கு மாற்றுவதே நல்லது.

புது வேலைகளும் வருகின்றன. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் மோகினி செயின் போன்ற ஆய்வாளர்கள் தாவர நாரையும் பிளாஸ்ரிக்கையும் சேர்த்துக் கலவைப் பொருள்கள் செய்கிறார்கள். இத்தகைய கலவைகள் காரின் கதவு உட்பலகைகளில் பயன்படுகின்றன. அடுப்பின் பாடம் இங்கேயும் வருகிறது. 200 பாகைக்கு மேல் போனால் அரைச்செலுலோசு கருகத் தொடங்கும். ஆகவே அதற்குக் கீழே உருகும் பொலிப்புரொப்பிலீன் போன்றவற்றோடுதான் சேர்க்க முடியும். நீரை விரும்பும் நாரையும் நீரை வெறுக்கும் பிளாஸ்ரிக்கையும் ஒட்டவைப்பதுதான் பெரிய சவால்.

உவமை நிற்கும் இடம்

முருங்கைக்காய் இவ்வளவு தூரம் கூட வந்தது. இரண்டு இடங்களில் அது நம்மை விட்டுவிடும். சட்டியில் நாம் சதையை உண்டு நாரைத் துப்புகிறோம். குளத்தில் பக்ரீரியா சதையை உண்டு நாரை நமக்கு விடுகிறது. சட்டியில் வெப்பம் எல்லாவற்றையும் ஒருசேரத் தாக்கும். குளத்து நொதியம் தனக்குரிய பசையைத் தேடித் தாக்கும். அந்தத் தேர்ந்தெடுக்கும் திறன்தான் மூன்று மீற்றர் நாரை முறியாமல் எடுக்க வைக்கிறது.

சணல் செடியையே உண்பவர்களும் இந்த நகரில் இருக்கிறார்கள். தோசா சணலின் இளம் இலையை எகிப்தியர் முலுக்கியா என்றும், யொருபா மக்கள் எவெடு என்றும், பிலிப்பினோக்கள் சலுயொட் என்றும் சமைக்கிறார்கள். ஸ்காபரோவின் லோறன்ஸ் அவெனியூவில் உள்ள அரபுக் கடைகளின் உறைபெட்டியில் அது பொதியாகக் கிடைக்கும். அவித்தால் வழுவழுப்பாக வரும்.

வாங்கும்போது

2009 சூனில் ரொறன்ரோ பிளாஸ்ரிக் பைக்கு ஐந்து சதம் கட்டணம் வைத்தது; 2012 சூலையில் அதை எடுத்துவிட்டது. 2023 டிசம்பர் 20 முதல் கடைகளில் கொடுக்கும் பிளாஸ்ரிக் பைகளின் விற்பனையை மத்திய அரசின் விதி தடுத்தது. அதன்பின் கடைகளில் குவிந்த ‘மீண்டும் பயன்படும்’ பைகளில் பெரும்பாலானவை துணி போலத் தெரியும் பொலிப்புரொப்பிலீன்தான்.

சணல் என்று எழுதியிருந்தாலும் பையின் உட்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். பளபளவென்று ஒரு படலம் ஒட்டியிருந்தால் அந்தப் பை மண்ணாகாது; நார் போகும், படலம் மிஞ்சும். ஐயமான துணியில் ஒரு நூலை உருவி, கவனமாக நெருப்பில் காட்டுங்கள். சணல் காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து சாம்பலாகும். பிளாஸ்ரிக் உருகிக் கெட்டி மணியாகும். தோட்டத்துக்குச் சாக்குத்துணி வாங்குவோருக்கு இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். சணல் பையை இயந்திரத்தில் போடாதீர்கள். குளிர்நீரில் மெல்ல அலசி நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

சணல் நீரைக் குடிக்கிறது, வெயிலில் மங்குகிறது, மண்ணில் மக்குகிறது என்று குறையாகச் சொல்லப்படும் ஒவ்வொன்றும், சரியான இடத்தில் வைத்தால் அதன் திறமை. பத்தாண்டு மழையில் கிடக்கவேண்டிய பொருளைச் சணலால் செய்யாதீர்கள். தன் வேலை முடிந்ததும் இல்லாமல் போகவேண்டிய பொருளுக்குச் சணலைத் தேடுங்கள்: ஒரு குளிர்காலம் காக்கும் போர்வை, ஒரு புல்வேர் பிடிக்கும்வரை நிற்கும் வலை, ஒரு மரம் வேரூன்றும்வரை மண்ணைப் பிடிக்கும் துணி.

இது மலிவாகக் கிடைப்பதால் எளிதாக உண்டாவது என்று எண்ணிவிடக்கூடாது. நிலமும் நீரும் கப்பல் பயணமும் இதற்குச் செலவாகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, இடுப்பளவு நீரில் நின்று பெருவிரலால் பதம் பார்த்த ஒருவரின் உழைப்பு ஒவ்வொரு இழையிலும் இருக்கிறது. ஆகவே சணல் பையைக் கிழியும்வரை பயன்படுத்துங்கள். கிழிந்தபின் உட்படலமும் வண்ண அச்சும் இல்லாத பையானால், வெட்டி மரத்தடியில் விரியுங்கள். களையை அடக்கி, ஈரத்தைக் காத்து, மண்ணோடு சேரும்.